வாத்துக்குச் சட்டை மாற்றியவன்

நவம்பர் 27, வியாழன்

டெல்மர் க்ரோவ் கிராமத்துப் பெருங்குடி மக்களுக்கு இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில்: லின்டன் தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு வாசலில் எழுந்தருளியிருக்கும் கான்கிரீட் வாத்து அவர்கள், இன்று காலை தமது பூசணிக்காய் உடையைக் களைந்து, 'தேங்க்ஸ்கிவிங்' என்னும் நன்றி நாளை முன்னிட்டுக் கறுப்புத் தொப்பியும் வெள்ளைக் காலரும் தரித்துக்கொண்டார்கள். பொதுமக்கள் வழக்கம்போல் காரை மெதுவாக ஓட்டி, எட்டிப் பார்த்து, புளகாங்கிதம் அடையலாம்.

இந்த ஊரில் செய்தி என்றால் இதுதான். சிகாகோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஊர் எல்லைப் பலகையில் 'கிராமம்' என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். ஆடு இல்லை, மாடு இல்லை, டீக்கடை இல்லை, கோவில்பட்டியில் இருப்பது போல் வம்பு பேச ஒரு பஸ் ஸ்டாண்டுகூட இல்லை. ஆனாலும் கிராமமாம். எனக்கு மீசை முளைத்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்வது போலத்தான்.

தினம் தமிழில் எழுத வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். "எழுத்து விட்டுப்போச்சுன்னா அப்புறம் பேச்சும் போயிரும்லே இசக்கி" என்கிறாள். எழுதுகிறேன். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் என்னைப் பெற்றவர்கள், என் கையெழுத்தைப் பார்த்தாலே கண் வலிக்கிறது என்பவர்கள். ஆகவே ரகசியம் பத்திரம். இன்னொன்று: ஊர்க்காரர்கள் பேசும் இங்கிலீஷை நான் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதுவேன். கோபம் வந்தால் எல்லாரும் ஒரே பாஷைதான்.

வாத்தைப் பற்றி. முழங்கால் உயரம், சிமெண்ட். இந்தப் பக்கத்தில் பல வீட்டு வாசலில் உண்டு. பருவத்துக்கு ஒரு சட்டை தைத்துப் போடுவார்கள். எதிர்வீட்டு வாத்து டொலோரஸ் அம்மா வைத்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் புருஷன் ஹார்லன் ப்ரூக்கர் கிழவர் முணுமுணுத்துக்கொண்டே அதற்குச் சட்டை மாற்றுகிறார். தனியாக இருக்கிறார். சண்டைக்காரர். யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் "என்ன வேணும்? ஒண்ணும் வேண்டாம்லா? அப்பம் எதுக்கு வந்த?" என்பார். அதனால் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. வாத்து சட்டை மாற்றியிருந்தால் கிழவர் நலம்.

தனியாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிராம அலுவலகத்து மார்லீன் ஆன்ட்டியிடம் இருக்கிறது. தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் ப்ரூக்கர் வீட்டெதிரே காரை மெதுவாக்குவார். வாத்தைப் பார்ப்பார். தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

சிரிக்காதே இசக்கி, இதற்கும் சரித்திரம் இருக்கிறது. பழைய ரயில் நிலையத்தை மியூசியமாக்கி ப்ரூக்கர்தான் வைத்திருக்கிறார். ஊறுகாய் வெள்ளரி ஏற்றிப்போக நின்ற ரயிலால் உண்டான ஊராம் இது. ஊறுகாயால் உண்டான ஊர்! எங்கள் வகுப்பைக் கூட்டிப்போனபோது அவர் சொன்னார்: சுழற்காற்று அடித்துப் பாதி ஊர் விழுந்த வருஷம், உயிரோடு இருந்தவர்கள் ஜன்னலில் ஒரு துணியைத் தொங்கவிட்டார்கள். துணி இல்லாத வீட்டை முதலில் தோண்டினார்கள். அன்றிலிருந்து இந்த ஊருக்குத் துணிமேல் நம்பிக்கை.

நவம்பர் 28, வெள்ளி

குப்பைத் தொட்டியைத் தெருவோரக் கோட்டைத் தாண்டி அரை அடி தள்ளி வைத்துவிட்டேனாம். வாசலில் நின்று ப்ரூக்கர் கிழவரிடம் ஒரு பாட்டம் ஏச்சு வாங்கினேன். "ஏலே, ஒனக்குக் கண்ணு மூஞ்சியில இருக்கா, முதுகுல இருக்கா? இந்தியாவுல கோடுன்னு ஒண்ணு கெடையாதா?"

"இருக்கு சார். அத நாங்கதான் தாண்டி வந்துட்டோம்லா."

சிரிப்பை அடக்க அவர் இருமியது எனக்குத் தெரியும். கோடை விடுமுறையில் அவருடைய வாத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பதிலுக்கு அவர் அதன் பின்புறத்தை எங்கள் வீட்டுக்குக் காட்டி ஒரு மாதம் வைத்திருந்தார். அப்பா காபி குடிக்கும்போதெல்லாம் எதிரே வாத்தின் வால். இந்த ஊரில் என்னிடம் சரிக்குச் சரி விளையாடும் ஒரே ஆள் அவர்தான்.

நவம்பர் 29, சனி

மகத்தான நாள். முதல் பனி. முழங்காலுக்குக் கீழ் வரை.

நாலரைக்கெல்லாம் இங்கே இருட்டிவிடும். அம்மா உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள், அப்பா ஃபோனில் மதுரைச் சித்தப்பாவிடம் விலைவாசி பேசிக்கொண்டிருந்தார். நான் எதிர்வீட்டு வாசலேறினேன். வாத்தின் சட்டைகள் எல்லாம் வாசல் மரப்பெட்டியில்தான் இருக்கும், பூட்டு கிடையாது. கறுப்புத் தொப்பியைக் கழற்றினேன். (போர்ச் சின்னம். என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.) மஞ்சள் நீச்சல் உடையை மாட்டினேன். கூலிங் கிளாஸ். கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை. கொட்டும் பனியில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

ஒரு பிரச்சினை: பனியில் என் காலடித் தடம். என்னை யார் என்று நினைத்தாய்? எங்கள் வீட்டுப் பனிமண்வெட்டியை எடுத்து வந்து, தெருவிலிருந்து அவர் வாசல்படி வரை மொத்தப் பாதையையும் சுத்தமாக வழித்துத் தள்ளிவிட்டேன். தடமும் இல்லை, தடயமும் இல்லை. வாத்துகளின் வாத்தியார் நான்.

நாளைக் காலை கிழவர் கதவைத் திறக்கும்போது எழும் கர்ஜனைக்காகக் காத்திருக்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஊரே சிரிக்கிறது. சர்ச்சுக்குப் போன கார்கள் ஒவ்வொன்றாக நின்று ஃபோட்டோ எடுத்தன. ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் மார்லீன் ஆன்ட்டியே படம் போட்டு, 'ஹார்லனுக்குப் பழைய சிரிப்பு திரும்பி வந்துவிட்டது, டொலோரஸ் பார்த்தால் சந்தோஷப்படுவார்' என்று எழுதியிருந்தார். நூற்றுக்கணக்கில் லைக். பாதையைக்கூட இந்த வயதில் தானே வழித்திருக்கிறாரே என்று ஒருவர் வியந்திருந்தார். என் வாழ்நாள் சாதனை வேறொருவர் பேரில் பதிவாகியிருக்கிறது. தியாகிகளுக்கு இது சகஜம்.

ஆனால் கர்ஜனை வரவில்லை. நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். கிழவர் வெளியே வரவே இல்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். இது ஒரு தந்திரம். என்னைச் சலிக்க வைக்கிற தந்திரம்.

விடுவேனா? இருட்டியதும் மறுபடி போனேன். மழைக்கோட்டு, குட்டிக் குடை. மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே டொக், டொக் என்று சத்தம். பழைய வீடுகளில் சூடேற்றும் குழாய்கள் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், எங்கள் பள்ளியிலும் உண்டு. நல்ல தாளம். நான் கதவில் அதையே திருப்பித் தட்டினேன். டொக், டொக். உள்ளே நின்றது. பிறகு வேகமாக டொக்டொக்டொக்டொக். நானும் விடவில்லை. வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிக்கிற மாதிரி ஒரு சுற்று வாசித்தேன். குழாயோடு கச்சேரி செய்த முதல் தமிழன்.

அம்மா தோசைக்குக் கூப்பிட்டாள். பாதையை வழித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

இன்று இருட்டியதும் தேனீ. கறுப்பு மஞ்சள் பட்டை, தலையில் இரண்டு கொம்பு. காலையில் பள்ளிப் பேருந்தில் எல்லோரும் வாத்தின் குடையைப் பற்றித்தான் பேசினார்கள். நாளை என்ன சட்டை என்று பந்தயம்கூட.

கணக்குப் பரீட்சை சுமார். பாத்திரம் கழுவும் மெஷினை அடுக்கினேன். அம்மாவின் கரண்டியை உடைத்தது நான் இல்லை.

எதிர்வீட்டில் இன்று குழாய்ச் சத்தம் இல்லை. சரியாகிவிட்டது போல.

இன்றும் திட்டவில்லை. அவர் கார்மேல் பனி அப்படியே கிடக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

பனியால் பள்ளி விடுமுறை. மாதத்தின் முதல் செவ்வாய், காலை பத்து மணிக்குச் சுழற்காற்றுச் சங்கை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். ப்ரூக்கர் எப்போதும் கைக்கடிகாரத்தோடு வாசலில் வந்து நிற்பார். ஒரு நிமிஷம் தாமதமானாலும் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு ஏசுவார்.

சங்கு ஊதியது. அவர் வரவில்லை.

அதே நேரம் மார்லீன் ஆன்ட்டி கார் வந்தது. மெதுவாக்கினார். தேனீயைப் பார்த்தார். சிரித்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

குளிர் அதிகம். ஜன்னலிலிருந்து பார்த்திருப்பார்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. அம்மா வாசல்படியில் அகல் ஏற்றினாள். காற்றில் மூன்று அணைந்துவிட்டன. பொரியுருண்டை பிடித்து, வருஷாவருஷம் போல ஒரு டப்பாவில் போட்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினாள். வருஷாவருஷம் அவர் "இது என்ன, கூழாங்கல்லா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பீட்ரூட் ஊறுகாய் கொடுப்பார். அதை நாங்கள் யாரும் தின்னமாட்டோம்.

"ஏலே இசக்கி, ஒரு லைட்டுகூட எரியலியே. ஆளு ஊருல இருக்காரா?"

"நல்லா இருக்காரும்மா. வாத்துக்குச் சட்டை மாத்திருக்காருல்லா."

என் வாயிலிருந்துதான் அது வந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். "அது பொம்மைலே. பொம்மையா வந்து கதவத் தெறக்கும்?"

தட்டினாள். கூப்பிட்டாள். மறுபடி தட்டினாள். பிறகு டப்பாவைப் படியில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பனிக்குள் போனாள். தரையோடு இருக்கும் நிலவறை ஜன்னலில் பனியைக் கையால் வழித்து, ஃபோன் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"ஐயோ. இசக்கி, அப்பாவக் கூப்பிடு. ஆம்புலன்ஸக் கூப்பிடு. ஓடுலே!"

ஒரு செருப்பு, அதற்குள் கால். நிலவறைப் படிக்கட்டின் கீழே.

உயிர் இருந்தது. கொண்டு போயிருக்கிறார்கள்.

டிசம்பர் 4, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. அரிசி களைந்து வைத்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. சனிக்கிழமையே விழுந்திருக்க வேண்டும் என்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். கண் திறக்கவில்லை.

நெப்ராஸ்காவிலிருந்து அவர் மகன் கிரெய்க் வந்திருக்கிறார். கிராம அலுவலகத்தில் மார்லீன் ஆன்ட்டியிடம் அவர் போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டதாம். தபால் வாங்கப் போயிருந்த அப்பா வந்து சொன்னார்.

"விழுந்து கெடந்தவரு வாத்துக்கு எப்படிச் சட்டை மாத்துவாரு? எங்கப்பா கதவத் தட்டச் சோம்பேறித்தனப்பட்டு, இந்தம்மாவே மாத்திட்டு ஃபோட்டோவும் போட்டிருக்கு. பாத்தேன் பாத்தேன்னு கணக்குக் காட்டத்தான்" என்றாராம் கிரெய்க்.

மார்லீன் ஆன்ட்டி "நான் தொடல கிரெய்க், சத்தியமா நான் தொடல" என்று மட்டும் சொன்னாராம். யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. வேறு யார் மாற்றுவார்கள்? திங்கட்கிழமை ஊர்க்கூட்டத்தில் அவரை வேலையிலிருந்து எடுப்பது பற்றிப் பேசப்போகிறார்களாம்.

"பாவம் அந்தம்மா. இல்ல, நெசமாவே செஞ்சிருக்குமோ?" என்றார் அப்பா.

அம்மா சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

அப்பா இன்னொன்றும் சொன்னார். ஆம்புலன்ஸில் வந்த தீயணைப்புக்காரர் தபால் நிலையத்தில் சொன்னாராம். கிழவர் கையில் ஒரு ஸ்பானர் இருந்ததாம். பக்கத்துக் குழாயில் அடித்து அடித்துப் பெயிண்ட் உரிந்திருந்ததாம். விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம்.

தோசை வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 6, சனி

ஜன்னல் திரையை மூடி வைத்திருக்கிறேன். வாத்து இன்னும் தேனீயாகத்தான் இருக்கிறது. யாரும் கழற்றவில்லை. இப்போது கார்கள் மெதுவாகப் போவதில்லை, வேகமாகப் போகின்றன.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் போய்விட்டார்.

ப்ரூக்கர் தாத்தா என்று அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் "யாருக்குலே தாத்தா?" என்றிருப்பார்.

அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். என்னையும் குளிக்கச் சொன்னாள். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் அறை பெருக்கியிருக்கிறது. கட்டிலுக்கடியில் கிடந்த கறுப்புத் தொப்பி மேஜைமேல், கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில், தூசி தட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அம்மா சமையலறையில் எதுவுமே நடக்காத மாதிரி ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்றேன்.

"நாளைக்குக் கூட்டம் ஏழு மணிக்கு" என்றாள் திரும்பாமலே. "சட்டை தேய்ச்சு வச்சிருக்கேன்."

"அம்மா..."

"அந்தப் பொம்பள மூணு நாளா வீட்ட விட்டு வெளிய வரலலே."

டிசம்பர் 8, திங்கள்

வரலாற்றுச் சிறப்புமிக்க நாள். டெல்மர் க்ரோவ் கிராம சபையில், பொதுமக்கள் பேசும் நேரத்தில், ஆளுக்கு மூன்று நிமிஷம் என்ற விதிப்படி, இசக்கிராஜ் ஆகிய நான் மைக் முன் ஏறி நின்று உண்மையைக் கணீரென்று எடுத்துரைத்தேன். சபை ஸ்தம்பித்தது. கிரெய்க் தலைகுனிந்தார். மார்லீன் ஆன்ட்டி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். தலைவர் எழுந்து, இனி இந்த ஊரில் யாரும் வாத்தைப் பார்த்து ஆளை எடைபோடக் கூடாது, தனியாக இருப்பவர் கதவைத் தினமும் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார். லின்டன் தெருவுக்கு அதிகாரபூர்வக் கதவுதட்டி யார் என்கிறாய்? சாட்சாத் அடியேன். நான் தட்டாத கதவு இனி இந்தத் தெருவில் கிடையாது.

டிசம்பர் 10, புதன்

முந்தாநாள் எழுதியதில் தீர்மானம் மட்டும்தான் நிஜம்.

மைக் முன் நின்றேன். வார்த்தை வரவில்லை. வாயாடி என்று பேர் வாங்கியவனுக்குத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. முன்னால் இருந்த கடிகாரம் மூன்று நிமிஷத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அது 'பீப்' என்றபோது நான் பையிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவ்வளவுதான்.

அது டொலோரஸ் அம்மா கையால் தைத்தது. அங்கே இருந்த எல்லோருக்கும் அடையாளம் தெரியும். நன்றி நாளன்று வாத்தின் தலையில் பார்த்திருக்கிறார்கள். அது ஏன் என் பையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கிரெய்க் எழுந்து வெளியே போய்விட்டார். பின் வரிசையிலிருந்து அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். தோளைத் தொடவில்லை. நின்றாள்.

மார்லீன் ஆன்ட்டி என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. தொப்பியை எடுத்து, கசங்கிய ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே, "போய் உக்காரு இஸி" என்றார். (இசக்கி அவர் வாயில் இஸி.) "நானும்தான் ஒருநாளும் தட்டல." வேலை அவரிடமே இருக்கிறது. நேற்றும் இன்றும் எங்கள் தெரு வழியாகப் போனார். கையசைக்கவில்லை.

கதவு தட்டுவது பற்றி.

இந்தத் தெருவில் தனியாக இருப்பவர் இன்னும் ஒருவர் உண்டு, கோடி வீட்டு ஹோஃப்ஸ்ட்ரா பாட்டியம்மா. இன்று சாயங்காலம் அம்மாவும் நானும் போனோம். மீந்த பொரியுருண்டை டப்பா என் கையில். "தட்டுலே" என்றாள் அம்மா. கையைத் தூக்கினேன். விரல் கதவுக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டது.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் கதவில் நான் தட்டினேன். கீழே படுத்திருந்தவர் அதைக் கேட்டிருக்கிறார். அதனால்தான் நிறுத்தினார். யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் அப்புறம் அத்தனை வேகமாக அடித்தார். நான் ஒரு சுற்று வாசித்துவிட்டுத் தோசைக்குப் போனேன். கூட்டத்தில் வைத்த தொப்பி அதைச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. குழாய் என்றுதான் நினைத்தேன். முதலில் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். திருப்பித் தட்டியதும் நின்றதே, அப்போது ஒரு நொடி வேறு மாதிரியும் தோன்றியது. குழாய் பதில் சொல்லாது. கிழவர்தான், உள்ளே உட்கார்ந்து எனக்குப் பதிலுக்கு விளையாடுகிறார் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

அம்மாதான் தட்டினாள். "வாரேன், வாரேன், இருங்க" என்று உள்ளேயிருந்து பாட்டியம்மாவின் குரல் வந்தது. குரல் வந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

"என்னலே, ஏன் தட்டல?" என்றாள் அம்மா.

"கை விறைச்சுப் போச்சும்மா" என்றேன்.

கையுறை போட்டிருந்தேன்.